மூன்று இளவரசிகளும் ஒரே கோடும்

பெங்களூரு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரிக்கு அந்தச் சின்னச் சின்ன டப்பாக்கள் என்னவென்று விளங்கவில்லை. மாநிறம், கோதுமை நிறம், தேன் நிறம், கறுப்புக் காப்பியில் ஒரு சொட்டுப் பால் விட்ட நிறம் என்று வரிசையாக அடுக்கியிருந்தேன். "இதென்ன, பெயிண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மேக்கப் சாமான். தழும்பு தெரியாமல் மறைப்பது" என்றேன். அவர் தம் புறங்கையில் இருந்த பழைய தீக்காயத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

நான் கிள்ளானில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். முகப்பரு வடு, அம்மைத் தழும்பு, வெந்நீர் கொட்டிய கை என்று எதையும் தாலி கட்டும் நேரத்துக்குள் காணாமல் அடித்துவிடுவேன் என்று மலேசியாவில் ஓரளவு பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் என்னை இங்கே இழுத்து வந்தது.

என் தங்கை அனிதா பல் மருத்துவம் படிக்கப் பெங்களூருக்கு வந்தவள். தொம்மலூர்த் தமிழர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அவள் மகள் நிலானிக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. போன வருடம் அறுவை சிகிச்சை செய்து அடைத்துவிட்டார்கள். பிள்ளை தேறிவிட்டாள். கழுத்துக் குழிக்குச் சற்றுக் கீழே தொடங்கி நெஞ்சின் நடுவே நேராக இறங்கும் தழும்பு மட்டும் தங்கிவிட்டது.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு நிலானி யோசிக்கவே இல்லையாம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. அங்கே சின்னப் பிள்ளைகளுக்குத் தலை வாரி, ஒப்பனை செய்து, கவுன் போட்டு, கிரீடம் வைத்து, இளவரசியாக்கி ஊர்வலம் விடுகிறார்கள். அதுதான் வேண்டும் என்றாள். அனிதா அன்று இரவே என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கவுனுக்குக் கழுத்து ரொம்ப இறக்கம்கா. நீ கல்யாணப் பொண்ணுங்களுக்குப் போடுவியே, அதை எடுத்துட்டு வா."

"அங்க கிடைக்காதா?"

"கிடைக்கும். கலர் சேர்க்க நீ வேணும். ஒரு நாள் முழுக்க யாரும் அவளைப் பார்த்துட்டு என்னைப் பார்க்கக் கூடாது."

கடைசி வாக்கியம் என்னை உறங்கவிடவில்லை. கடையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அனிதாவின் கணவர் பிரபு காரோடு வந்திருந்தார். தொம்மலூரில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். பேச்சில் நிறுத்தமே கிடையாது. "அக்கா, கோலாலம்பூர்ல இருந்து ஏர்போர்ட் வந்தது சும்மா. ஏர்போர்ட்ல இருந்து வீட்டுக்குப் போறோம் பாருங்க, அதுதான் மெயின் பயணம்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வரவரப் புரிந்தது. எங்கள் ஊரில் நெரிசல் என்றால் வண்டிகள் வரிசையில் நிற்கும். இங்கே வரிசை என்பதே கிடையாது. தண்ணீர் விழுந்து இடம் தேடுவதுபோல வண்டிகள் இடம் கண்ட பக்கமெல்லாம் வழிந்தன. அத்தனை இரைச்சலுக்கும் மேலே இரு பக்கத்து மரங்களும் கைகோத்துக்கொண்டு நின்றன. ஒரு மரம் முழுக்க இளஞ்சிவப்புப் பூ. இலை ஒன்றுகூட இல்லை. நெரிசலில் நின்ற நேரமெல்லாம் அண்ணாந்து அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று எங்கள் மலேசியக் கேமரன் மலைக் காற்றுபோலச் சில்லென்று இருந்தது.

தொம்மலூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு பழைய ஊர் ஒளிந்திருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளைஞர்கள் ஒரு சந்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சந்தில் பெண்கள் தமிழில் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலையில் பிரபு ஒரு பழைய கோயிலுக்குக் கூட்டிப் போனார். சுவரில் கை வைத்தேன். விரலுக்கடியில் தமிழ் எழுத்து. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் இந்த ஊரில் உட்கார்ந்து தமிழில் கொத்தியிருக்கிறார். கடல் கடந்து மூன்று தலைமுறையான எனக்கு அதிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

நிலானி முதல் நாள் என்னிடம் ஒட்டவில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்து என்னை ஆராய்ந்தாள். கடைசியில், "பெரியம்மா, உங்களுக்கு மேக்கப் போட்டுவிடறது யாரு?" என்று கேட்டாள்.

"நானேதான்."

"அப்ப உங்க மூஞ்சியோட நிஜக் கலர் என்ன?"

இருபது வருடத் தொழிலில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் பசியாற ஓர் உணவகத்துக்குப் போனோம். நின்றுகொண்டே சாப்பிடும் இடம். காரமான ரவை உப்புமா ஒரு குவியல், பக்கத்தில் காவி நிறத்தில் கேசரி ஒரு குவியல், இரண்டும் ஒரே தட்டில். இனிப்பையும் காரத்தையும் மாற்றி மாற்றித் தின்ன வேண்டும் என்று பிரபு செய்து காட்டினார். சாம்பாரில் வெல்லம் இருந்தது. கிள்ளானில் இப்படி ஊற்றினால் வாடிக்கையாளர் தட்டோடு எழுந்து போய்விடுவார். ஆனால் மொறுமொறுவென்று வெண்ணெய் வடியும் அந்தத் தோசையோடு சேர்ந்தபோது அந்த இனிப்பின் நியாயம் விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் நான் முழிப்பதைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பிரபு மொழிபெயர்த்தார்: "ரெண்டாவது நாள்ல பழகிடும், மூணாவது நாள்ல ஊருக்குப் போக மாட்டாங்கன்னு சொல்றாரு."

அன்று மதியம்தான் நிலானியின் தழும்பை முதல்முறையாகப் பார்த்தேன். அனிதா மகளின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தழும்புகளோடே வாழ்கிறவள். ஆனாலும் ஒரு நிமிடம் என் தூரிகை அசையவில்லை. மெல்லிய, நேரான, சற்றே பளபளப்பான கோடு. அதன் வழியாகக் கைகள் உள்ளே போயிருக்கின்றன. ஒரு குழந்தையின் துடிப்பை நிறுத்தி, தைத்து, மறுபடி துடிக்க வைத்திருக்கின்றன. நான் செய்வதும் கைவேலை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு டப்பாக்களைக் கலந்தேன். நிறம் பொருந்தியது. விரல் நுனியால் தட்டித் தட்டிப் பரப்பி, மேலே பவுடர் ஒற்றி எடுத்ததும் கோடு இருந்த இடமே தெரியவில்லை. அனிதா திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்கா, இது போதும்" என்றாள்.

நிலானி கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"என் கோடு எங்க போச்சு?"

"அங்கயேதான் இருக்கு. மேல மூடியிருக்கேன்."

"அழிஞ்சிடுச்சா?"

"இல்ல. கழுவினா வந்துடும்."

அவள் நேராகக் குளியலறைக்குப் போனாள். சோப்புப் போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் ஈர நெஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் படம் வரையப் போய்விட்டாள். "குறும்பு" என்றாள் அனிதா. எனக்கு அது குறும்பாகத் தெரியவில்லை. ஆனால் தங்கையின் முகத்தில் அப்போதுதான் வந்திருந்த நிம்மதியைக் கலைக்க மனமில்லாமல் பேசாதிருந்துவிட்டேன்.

பூங்காவுக்குக் கிளம்பிய காலை வெளிச்சமாக இருந்தது. ஓசூர் சாலையில் எல்லா ஊருக்கும் போகிறவர்கள் ஒரே நேரத்தில் கூடும் சந்திப்பு ஒன்று இருக்கிறது. அங்கே நின்ற நேரத்தில் ஒருவர் எங்கள் ஜன்னலில் பொம்மை விற்றார், இன்னொருவர் கடலை விற்றார், பக்கத்துப் பைக்கில் இருந்தவர் தலைக்கவசத்துக்குள் கைபேசியைச் செருகிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் பேசி முடித்தார். மேம்பாலம் ஏறி இறங்கியதும் எங்கள் கார் ஒரு தடவை முனகியது. பிரபு ஓரம் கட்டினார்.

"கிளட்ச் போச்சுக்கா. நீங்க மூணு பேரும் ஆட்டோ புடிச்சுப் போயிடுங்க. பாப்பாவோட நேரம் தவறிட்டா அப்புறம் அடுத்த வாரம்தான் குடுப்பாங்க. நான் மெக்கானிக்கைக் கூப்டுட்டு வர்றேன்."

ஆட்டோ கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது. ஓட்டுநர் போகும் இடம் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். நிலானி தலையை நீட்டி, "அண்ணா, நான் இன்னிக்கு பிரின்சஸ் ஆகப் போறேன்" என்று கன்னடத்தில் சொன்னாள். அவர் மீட்டரைப் போட்டார். பெரிய பெரிய லாரிகளுக்கு நடுவில் எங்கள் ஆட்டோ குலுங்கிக் குலுங்கிப் பறந்தது. அனிதா கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். பயமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். அந்தச் சாலையில்தான் நிலானிக்கு அறுவை சிகிச்சை நடந்த இதய மருத்துவமனை இருக்கிறதாம். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே அவள் வந்ததில்லை என்பதை அப்போதுதான் சொன்னாள்.

பூங்காவின் வாசலில் இறங்கியதும் அனிதா தோளைத் தடவினாள். என்னைப் பார்த்தாள். அங்கே போய்ப் பூசலாம் என்று எடுத்து வந்த என் டப்பாக்கள் இருந்த பை காரின் டிக்கியிலேயே தங்கிவிட்டது.

பிரபுவைக் கூப்பிட்டோம். மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார், அவரும் நெரிசலில் நிற்கிறார். வேறு வண்டியில் பையை அனுப்பினாலும் நேரத்துக்குள் வந்து சேராது. அனிதா நிலானியின் முன்னால் மண்டியிட்டாள். "கண்ணு, ராட்டினம் ஏறலாமா? பெரிய ராட்டினம். இளவரசி இன்னொரு நாள் ஆகலாம்."

நிலானி அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெரியம்மா நாளன்னிக்கு ஊருக்குப் போயிடுவாங்க. இன்னொரு நாள் அவங்க பார்க்க முடியாது" என்றாள். அனிதா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனோம்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அட்டைக்கோட்டை. எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன், இதைவிடப் பெரியது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவர் நெடுகத் தொங்கிய கவுன்கள், மயில் கழுத்து நிறம், மாதுளை நிறம், பொன் நிறம். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி விளக்குகள், கண்ணாடிமேல் வெல்வெட் திரை. ஒப்பனை முடியும்வரை திரையை விலக்க மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைகள் கையை மடிமேல் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கண்ணை மூடு என்றால் மூடி, திற என்றால் திறந்தார்கள். கல்யாண வீடுகளில் மணப்பெண் கைபேசி பார்ப்பாள், அம்மாவோடு வாதாடுவாள், பசிக்கிறது என்பாள். இவ்வளவு பயபக்தியோடு ஒப்பனைக்கு முகத்தைக் கொடுத்த யாரையும் நான் பார்த்ததில்லை.

நிலானியோடு அந்த முறைக்கு இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள், தங்கள் அம்மாக்களோடு. சுருட்டை முடிக்காரி பிரேரணா, கன்னடம் பேசுகிறவள். முன்பல் இரண்டும் விழுந்த சாதியா, உருது பேசுகிறவள். மூவரும் சேர்ந்ததும் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் கலந்த ஒரு பாஷைக்கு மாறிவிட்டார்கள். ஒப்பனை செய்த பெண் ஜெசிந்தா, இதே ஊர் ஒக்கலிபுரத்துத் தமிழ்ப் பெண். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்பது அவள் சுவரில் ஒட்டியிருந்த படத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டதில் தெரிந்தது. எந்தக் கவுனுக்கு எந்தக் கன்னச் சிவப்பு, எந்த மினுக்குத் தூள் என்று அந்தப் படத்தில் போட்டிருந்தது.

"கழுத்து மூடின கவுன் இருக்கா?" என்று அனிதா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இல்ல மேடம். எல்லாத்துக்கும் கழுத்து இதேதான். ஏன், பாப்பாவுக்குக் குளிருதா?"

"ஆமா" என்றாள் அனிதா. தன் துப்பட்டாவை எடுத்து மடித்தாள். "இதைச் சால்வை மாதிரி சுத்திடுங்க."

நிலானி அதற்குள் திரைக்குப் பின்னால் போய் மயில் கழுத்து நிறக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். துப்பட்டாவோடு அனிதா எழுவதற்குள் சாதியா பார்த்துவிட்டாள். விரலை நீட்டி, "இது என்ன?" என்று கேட்டாள்.

மற்ற இரண்டு அம்மாக்களும் நிலானியைப் பார்த்தார்கள். பிறகு, அனிதா பயந்தபடியே, அனிதாவைப் பார்த்தார்கள். "அது ஒண்ணுமில்ல..." என்று அவள் தொடங்கினாள்.

"இது என் ஜிப்" என்றாள் நிலானி. "டாக்டர் இதைத் திறந்து என் ஹார்ட்டைத் தச்சாரு."

சாதியா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "ஹார்ட்டையா? நிஜமாவா?"

"நிஜமா. அதுல ஓட்டை இருந்துச்சு."

"நீ பார்த்தியா?"

"நான் தூங்கிட்டேன். டாக்டர் பார்த்தாரு. அவரு எல்லார் ஹார்ட்டையும் பார்த்திருக்காரு."

"வலிச்சுதா?" இது பிரேரணா.

"வலிச்சுது. தும்மினா ரொம்ப வலிக்கும். தலையணையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தும்மணும்." எப்படி என்று கவுனின் அடுக்குகளை அள்ளி நெஞ்சோடு அணைத்துக் காட்டினாள்.

பிரேரணா தன் வெறும் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். ஜெசிந்தாவிடம் திரும்பிக் கன்னடத்தில் தெளிவாகச் சொன்னாள்: "எனக்கும் அது வேணும்."

"எது பாப்பா?"

"ஜிப்."

"எனக்கும்" என்றாள் சாதியா.

ஜெசிந்தா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதில் அப்படியொன்று இல்லை. பிரேரணாவின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு அனிதாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ முணுமுணுத்தார். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், நான் அனிதாவைப் பார்த்தேன். மடித்த துப்பட்டா அவள் கையில் அப்படியே இருந்தது.

"மேடம், போடட்டுமா?" என்றாள் ஜெசிந்தா. "சூப்பர்வைசர் கேட்டா நீங்கதான் சொல்லணும்."

அனிதா மெதுவாகத் தலையசைத்தாள்.

அடுத்து நடந்ததுபோல ஒன்றை என் தொழிலில் இனி ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. ஜெசிந்தா பொன் நிற மினுக்குத் தூளைத் தூரிகையில் தொட்டுப் பிரேரணாவின் நெஞ்சில் வைத்தாள். நிலானி பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள். "இன்னும் மேல இருந்து. நேரா வரணும். கோணல் ஆச்சுன்னா டாக்டர் திட்டுவாரு." முடிந்ததும் சாதியாவுக்கு, அவள் வெள்ளி நிறம் கேட்டாள். கூச்சத்தில் நெளிந்தவளை, "ஆடாம இரு, ஆபரேஷன்ல ஆடக் கூடாது" என்று நிலானி அதட்டினாள். சாதியாவின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அனிதாவையும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கடைசியில் ஜெசிந்தா நிலானியிடம் வந்தாள். "உனக்கு என்ன கலர்?"

"எனக்கு வேண்டாம்க்கா. என்னோடது நிஜம்."

மணப்பெண்களின் நெற்றி வடுவையும் கன்ன வடுவையும் எத்தனை விடியற்காலைகளில் நான் அழித்திருக்கிறேன். இங்கே இரண்டு பிள்ளைகள் கேட்டு வாங்கி வரைந்துகொண்டார்கள். அசலை வைத்திருந்தவள் அதன்மேல் ஒரு பொட்டுப் பொடி விழ விடவில்லை.

கிரீடம் வைத்ததும் மூவரையும் கண்ணாடி முன் நிறுத்தித் திரையை இழுத்தார்கள். பெரியவர்கள் கண்ணாடியில் முதலில் குறையைத்தான் தேடுவார்கள். அந்த ஒரு நொடிக்காக நான் இருபது வருடமாகப் பயந்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் எதையும் தேடவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். சாதியா கண்ணாடிக்குள் இருந்தவளுக்குச் சலாம் வைத்தாள். நிலானி கிரீடத்தைப் பார்த்தாள், கவுனைப் பார்த்தாள், கோட்டின்மேல் விரலை ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

வெளியே ஊர்வலத்துக்குப் பெரிய டோலு மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். இடுப்பில் கட்டிய அந்த மேளத்தை அவர்கள் குதித்து அடித்தபோது சத்தம் காதில் விழவில்லை, நேராக விலா எலும்பில் விழுந்தது. மூன்று இளவரசிகளும் கைகோத்து நடந்தார்கள். ராட்டினத்துக்கு நின்ற வரிசை திரும்பியது. ஈரத் தலையோடு வந்த கல்லூரிப் பையன்கள் வழிவிட்டு இடுப்பு வளைத்து வணங்கினார்கள். ஐஸ் விற்றவர் தொப்பியைக் கழற்றினார். நிலானி ஒவ்வொருவருக்கும் தலையைச் சற்றே சாய்த்து வணக்கம் ஏற்றுக்கொண்டாள். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

பின்னால் ஓடி வந்த ஜெசிந்தா மூச்சிரைக்க என்னிடம் சொன்னாள்: "மேடம், அடுத்து உட்கார்ந்திருக்கற பசங்க எல்லாம் கோடு கேக்கறாங்க. என்ன பேரு சொல்றது இதுக்கு?"

"நிலானி டிசைன்னு சொல்லு" என்றேன். அவள் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினாள்.

பிரபு சட்டையெல்லாம் வண்டி மையோடு, சரிசெய்த காரில் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். ஒரு கையில் என் பை. மகளைப் பார்த்ததும் பேச்சு நிற்காத அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். அனிதா பையை வாங்கி என்னிடம் கொடுத்தாள். அதைத் திறக்கச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் எல்லோருக்கும் பசி. சந்தாபுராவில் ஒரு தோசைக் கடையில் நிறுத்தினோம். நல்ல கூட்டம். பிரபு விலைக்கு வாங்கித் தந்த கவுனோடும் கிரீடத்தோடும் நிலானி உள்ளே நுழைந்ததும் கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்று, "ராஜகுமாரி வந்தாங்க, இடம் விடுங்க" என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். ஒரு மேசையில் கைக்குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருந்த பெண் நகர்ந்து இடம் தந்தார். வாணியம்பாடிப் பக்கத்துப் பேச்சு. வீட்டுக்காரர் தங்குவதற்கு அறை பார்க்கப் போயிருக்கிறாராம். அவர் முன்னால் தோசை ஆறிக் கிடந்தது. அவர் கண் நிலானியின் நெஞ்சிலேயே நின்றது.

"இன்னா பாப்பா அது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நிலானியின் வாய் நிறையத் தோசை. அம்மாவைப் பார்த்தாள். பிரபு பேச வாயெடுத்தார். அனிதா முந்திக்கொண்டாள்.

"பொறக்கும்போதே இதயத்துல ஓட்டை இருந்துச்சுங்க. போன வருஷம் இங்கதான் ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப நல்லா இருக்கா."

அந்தப் பெண் மடியில் உறங்கிய குழந்தையைச் சுற்றியிருந்த துணியை இறுக்கினார். "இவனுக்கும் அதேதான் சொல்றாங்க. நாளைக்கு அட்மிட் பண்ணச் சொல்லிக்கிறாங்க" என்றார். ஆறிய தோசையைத் தள்ளி வைத்தார். பிறகு, "தொட்டுப் பாக்கட்டுமா?" என்று நிலானியிடம் கேட்டார்.

நிலானி வாயில் இருந்ததை விழுங்கினாள். நாற்காலியிலிருந்து இறங்கி, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போனாள். அவருடைய கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்தாள். "அடிக்குதா?" என்றாள்.

"அடிக்குது" என்றார் அவர். கையை எடுக்கவில்லை.

சுற்றிலும் தட்டுச் சத்தமும் ஆர்டர் சொல்லும் சத்தமும் நடந்துகொண்டுதான் இருந்தன. அனிதா எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவனை என்கிட்ட குடுங்க. நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பரிமாறுகிறவரைப் பார்த்து, அவருக்குச் சூடாக இன்னொரு தோசை கொண்டுவரச் சொன்னாள்.